பதினான்காம் பக்கம்

ஒப்பந்தக்காரர் பலவேசம்
என் கடையில்தான் நகல் எடுப்பார்.
பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்,
நூறைத் தாண்டினால் ஒன்று.
அன்றைக்கு வந்தது மாநகராட்சிக் கட்டு,
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்:
பேட்டை கிட்டங்கித் தெரு,
அகலப்படுத்தலும் செப்பனிடலும்.
"மூணு செட் போடும்வே, சுருக்கா.
மூணு மணிக்குப் பெட்டியச் சாத்திருவான்."

நான் எதையும் படிப்பதில்லை.
நகல் எடுப்பவனுக்குக் கண் கிடையாது.
ஜாதகம், கிரயப் பத்திரம், விவாகரத்து மனு,
எல்லாவற்றின் மேலும்
அதே பச்சை வெளிச்சம்தான் போய்வருகிறது.

பதினான்காம் பக்கம் சிக்கிக்கொண்டது.
பக்கவாட்டு மூடியைத் திறந்து
உருளையின் வாயிலிருந்து பிடுங்கும்போது
சூடான தாளில்
கதவு எண் 38/2.
ஆக்கிரமிப்பு, முன்புறம் 1.35 மீட்டர்,
இடித்து அப்புறப்படுத்த
கன மீட்டருக்கு இன்ன தொகை,
வண்டிக்கூலி சேர்த்து.

38/2 என் கடை.
1.35இல் நின்றுகொண்டிருந்தது
இந்த மெஷின்.

பலவேசம் வெளியே
மைதீன் பாத்து கடைப் பலகையில் உட்கார்ந்து
வடையைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தார்.
ஒரு பக்கம் குறைந்தால் டெண்டர் தள்ளுபடி.
அது எனக்கும் தெரியும்,
குப்பைக் கூடைக்கும் தெரியும்.

ஆனால் சாக்கடை மேல் கல் பாவி
கடையை முன்னால் தள்ளியது நானேதான்.
தவணையில் மெஷின் வந்த வருஷம்.
மழைக்குத் தெரு ஆறாகிறது, ரோடு போடுங்கள் என்று
போன ஐப்பசியில் போட்ட மனுவில்
ஏழாவது கையெழுத்தும் என்னுடையது.
அதற்கு நகல் நான் காசு வாங்கவில்லை.

தாளை மேசையில் வைத்து நீவினேன்.
மறுபடி வைத்தேன்.
கறுப்பைக் கொஞ்சம் கூட்டினேன்,
எண் தெளிவாக விழட்டும் என்று.

மதிப்பீட்டுக்கு ஒன்பது சதம் கீழே போட்டு
பலவேசமே எடுத்தார்.
உதவிப் பொறியாளர் ஹெப்சிபா
துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு
டேப் பிடித்தாள். சுவரில் சிவப்புக் கோடு.
சேகரித்த சினிமா பிளக்ஸை எல்லாம் கழற்றி
மைதீன் பாத்து வேனில் ஏற்றினார்,
அவருக்கு இரண்டே அடி போனது,
என்னைவிட அதிகம் ஏசினார்.

இயந்திரக் கை தெருவைக் கீறியபோது
கேக் வெட்டின மாதிரி தெரிந்தது:
தார், ஜல்லி, தார், ஜல்லி, தார்.
ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு படலம்.
அதனால்தான் தெரு மேலே மேலே ஏற
எங்கள் வாசல்கள் எல்லாம்
கிணற்றுப் படி மாதிரி கீழே போனது.
அடியில் பழைய தண்ணீர்க் குழாய் உடைந்து
இரண்டு நாள் ஊர் முழுக்கக் குடம்.
யாரிடமும் அதன் வரைபடம் இல்லை.

என் கடையின் முறை வந்த காலையில்
பலவேசம் முகம் கொடுத்துப் பேசவில்லை.
டிரைவரிடம் ஏதோ சொன்னார்.
பன்னிரண்டு நிமிஷம்.

தை பிறந்து மறுபடி வந்தார்,
முடிவுப் பட்டியல், அளவுப் புத்தகம், மூன்று செட்.
மெஷின் இப்போது சுவரை ஒட்டிக் குறுக்கே நிற்கிறது.
கொண்டுவருகிறவர்கள் தெருவில் நிற்கிறார்கள்.
38/2, இடித்தது 1.35 மீட்டர்,
தொகை வரவு.

நான் அளந்திருக்கிறேன்.
அளக்காமல் எப்படித் தூங்குவது.
போனது 1.20.

பதினைந்து சென்டிமீட்டர்.
மெஷினைக் குறுக்கே திருப்பிப்போட
அவ்வளவுதான் தேவைப்பட்டது.
அவர் எனக்கு விட்டுக்கொடுத்ததா,
மாநகராட்சியிடம் அடித்ததா,
டிரைவருக்குக் கை நடுங்கியதா,
கேட்கவில்லை.
அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
புதுத் தாரில் யாரோ ஒரு நாய்
குறுக்கே நடந்துபோன தடத்தை.

கறுப்பைக் கொஞ்சம் குறைத்துவைத்து
மூன்று செட் எடுத்தேன்.
நூறைத் தாண்டியிருந்தது.
ஒன்றரை ரூபாய்க் கணக்கில்தான் கொடுத்தார்.
மீதி தரவா என்றேன்.
"கெடக்கு, வையும்" என்றார்.